காபி மணம் போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கி வந்த அன்று பொட்டலத்தைப் பிரித்தால் வீடே மணக்கிறது. பத்து நாள் கழித்து, அதே தூளை அதே கை அதே அளவில் போட்டாலும் காபி வாயில் சப்பென்று இருக்கிறது. இடையில் நடந்தது என்ன? எந்த டப்பாவில் வைப்பது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது, டப்பாவை நாளைக்கு எத்தனை முறை திறப்பது என்று கேட்பவர்கள் குறைவு. காபி விஷயத்தில் முக்கால்வாசிப் பதில் அந்தக் கேட்கப்படாத கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. டப்பாவைப் பற்றியும் சொல்கிறேன்.

காபி உண்மையில் கெட்டுப்போகுமா?

பால் திரிவதுபோல, பழம் அழுகுவதுபோலக் கெடாது. வறுத்த காபியில் ஈரம் மிகக் குறைவு, நூற்றுக்குச் சில பங்குதான். அவ்வளவு வறண்ட பொருளில் கிருமிகளுக்குப் பிழைப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய தூளில் காபி போட்டுக் குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது, நாக்குக்குத்தான் ஏமாற்றம். தண்ணீர் பட்டுவிட்டால் கதை வேறு, அதைக் கடைசிப் பக்கம் பார்ப்போம்.

பிறகு ஏன் சுவை போகிறது?

இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உள்ளே இருக்க வேண்டியது வெளியே போகிறது. வெளியே இருக்க வேண்டியது உள்ளே வருகிறது.

பச்சைக் கொட்டைக்குக் காபி மணமே கிடையாது, புல் வாசனைதான். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில் வறுபடும்போதுதான் அந்த மணம் பிறக்கிறது. வறுத்த காபியில் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் 800-க்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. ‘எளிதில் ஆவியாகும்’ என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. மூக்குக்கு எட்டினால்தான் மணம். மூக்குக்கு எட்டியது கோப்பைக்கு வராது. டப்பாவைத் திறந்ததும் கூடம் வரை மணக்கிறது என்று மகிழ்கிறோமே, அது நாம் குடிக்க வேண்டியதில் ஒரு பங்கு. இவற்றில் மெத்தேன்தயால் போன்ற கந்தகச் சேர்மங்கள் முதலில் ஓடிவிடுகின்றன. ‘இப்போதுதான் அரைத்தது’ என்று மூக்கு கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான்.

உள்ளே வருவது ஆக்சிஜன். காபியில் எண்ணெய் கணிசமாக இருக்கிறது: அராபிகா வகையில் எடைக்கு ஏறக்குறைய 15 சதவீதம், ரொபஸ்டாவில் 10 சதவீதம். அந்த எண்ணெயோடு ஆக்சிஜன் சேரச் சேரக் காறல் ஏறுகிறது. மணம் போன காபி சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். காறல் ஏறிய காபியில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எல்லாம் சேரும். முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னதை எந்தப் பாலும் சர்க்கரையும் மறைக்காது.

காற்று, ஈரம், வெப்பம், வெளிச்சம்: நான்கில் எது பெரிய எதிரி?

காற்று. அதிலும் ஆக்சிஜன். அரைத்த காபி எவ்வளவு வேகமாகப் பழசாகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியானது. அதில் ஆக்சிஜன் மிகச் சொற்ப அளவிலிருந்து சாதாரணக் காற்றில் உள்ள 21 சதவீதத்துக்கு உயர்ந்தபோது பழசாகும் வேகம் ஏறக்குறைய 20 மடங்கானது. ஈரப்பதம் ஒரு படி கூடியபோது வேகம் 60 சதவீதம் கூடியது. வெப்பநிலை 10 டிகிரி கூடியபோது 15 முதல் 23 சதவீதம்தான் கூடியது.

நாம் செய்வதைப் பாருங்கள். ‘குளிர்ச்சியான இடம்’ தேடி அலைந்துவிட்டு, மூடியைச் சரியாக அழுத்தாமல் போகிறோம்.

வெளிச்சமும் எண்ணெயின் காறலைத் தூண்டும். ஆனால் அதை விலக்கப் பாடே இல்லை: அலமாரிக் கதவைச் சாத்தினால் போதும்.

கொட்டையாக வாங்குவதா, தூளாக வாங்குவதா?

வீட்டில் அரைக்கும் வசதி இருந்தால் கொட்டைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

முழுக்கொட்டை ஒரு பூட்டிய வீடு. அதன் நுண்ணறைகளுக்குள் மணமும் கார்பன் டை ஆக்சைடும் அடைபட்டிருக்கின்றன. வறுக்கும்போது உண்டாகும் அந்த வாயு மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும்போது ஆக்சிஜனை ஓரளவு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கூலி வாங்காத காவலாளி. அரைத்ததும் ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகள்களாக உடைகிறது. சுவர்கள் இடிகின்றன. காவலாளியில் பெரும்பங்கு அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே வேலையை விட்டுப் போய்விடுகிறார். காற்று படும் பரப்போ பல மடங்காகிறது. வாரக் கணக்கில் நடக்க வேண்டியது நாள் கணக்கில் நடந்து முடிகிறது.

அரைக்கும் இயந்திரம் இல்லையென்றால் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அடுத்த பதிலைக் கொஞ்சம் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் போதும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கலாம்?

கணக்கு எளிது. கோப்பைக்கு 12 கிராம், வீட்டில் நாளைக்கு நான்கு கோப்பை என்றால் 48 கிராம். பத்து நாளைக்கு அரைக் கிலோவை ஒட்டி வரும். தூளாக வாங்குபவர்கள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் தீரும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். கொட்டையாக வாங்குபவர்கள் இரண்டு, மூன்று வாரத் தேவையை வாங்கலாம். தனியாக இருந்து நாளைக்கு ஒரு கோப்பை குடிப்பவருக்குக் கால் கிலோ தூள் அதிகம்.

‘ஒரு கிலோ வாங்கினால் விலை குறைகிறதே’ என்பார்கள். குறையட்டும். அந்தக் கிலோவின் கடைசிக் கால் பங்கை என்ன சுவையில் குடிக்கப்போகிறோம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை நாள் நன்றாக இருக்கும்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. காற்றுப் புகாத டப்பாவில், நிழலில், முழுக்கொட்டை வறுத்த நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் நல்ல நிலையில் இருக்கும். பொட்டலத்தைத் திறந்த பிறகு இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. தூள் என்றால் திறந்ததிலிருந்து ஒரு வாரம். அதற்குப் பிறகு குடிக்கக்கூடாது என்பதில்லை, மணம் இறங்குமுகம்.

எவ்வளவு கருக வறுத்திருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வரும். கருக்க வறுத்த கொட்டை கூடுதலாகப் பொரிந்து உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும்; எண்ணெய் மேலே கசிந்து பளபளக்கும். அந்தப் பளபளப்பு பார்க்க அழகு, ஆனால் எண்ணெய் நேராகக் காற்றின் முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். இளவறுப்பைவிட அது சீக்கிரம் பழசாகும்.

வறுத்த அன்றே வாங்கிக் குடித்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

இருக்காது. புதுசு எவ்வளவுக்கு எவ்வளவு புதுசோ அவ்வளவுக்கு நல்லது என்ற நினைப்பு காபியில் கொஞ்சம் சறுக்கும் இடம் இது. வறுத்த முதல் ஓரிரு நாளில் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாக வெளியேறும். வெந்நீர் ஊற்றினால் வாயு நுரைத்துக்கொண்டு நீரைத் தள்ளிவிடும். சாறு சீராக இறங்காது. வடித்துக் குடிப்பவர்கள் நான்கைந்து நாள் பொறுக்கலாம். எஸ்பிரெசோ போடுபவர்கள் ஒரு வாரம், பத்து நாள்கூட விடுவார்கள். தூளாக அரைத்து வாங்கினால் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, வாயு முன்பே போய்விட்டது.

பொட்டலத்தில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, மணம் பார்க்கவா?

பிதுக்கிப் பிதுக்கி மோந்து பார்ப்பதற்காக வைத்தது அன்று அது. ஒருவழி வால்வு. உள்ளே இருக்கும் வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது.

அதற்குப் பின்னால் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. 1900-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் காற்றை உறிஞ்சிய தகர டப்பாவில் வறுத்த காபியை அடைத்து விற்கத் தொடங்கியது. காற்றுப் பிரச்சினை தீர்ந்தது, வாயுப் பிரச்சினை தொடர்ந்தது. வறுத்த சூட்டோடு இறுக்கமாக அடைத்தால் பை பலூன்போல உப்பும். அதனால் காபியை முதலில் ஆறப்போட்டு, வாயு போன பிறகுதான் அடைப்பார்கள். வாயுவோடு சேர்ந்து மணமும் கொஞ்சம் போயிருக்கும். இந்தச் சிறு வால்வு வந்த பிறகுதான் வறுத்த கையோடு பையில் அடைக்க முடிந்தது. எனவே அதன் மேல் பசைநாடா ஒட்டாதீர்கள், பிதுக்கவும் வேண்டாம். பிதுக்கும்போது வெளியே வருவது உங்கள் காசு.

எந்த டப்பா நல்லது: கண்ணாடியா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா?

எவர்சில்வர் வெளிச்சத்தை விடாது, வாடையைப் பிடித்துக்கொள்ளாது, உடையாது. கண்ணாடியும் வாடை பிடிக்காது, அலமாரிக்குள் இருந்தால் வெளிச்சமும் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் பழைய வாடையை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். முன்பு மசாலாப் பொருள் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் காபி வைத்தால் மறுவாரம் தெரிந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகக் காற்றும் மெல்ல ஊடுருவும்.

ஆனால் எதனால் செய்தது என்பதைவிட மூடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூடியில் ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் இருக்க வேண்டும். சோதிக்க ஒரு வழி: டப்பாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். சொட்டினால் காற்றும் போகும் என்று புரிந்துகொள்ளலாம். சொட்டாததால் மட்டும் காற்றே புகாது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மோசமான டப்பாக்களை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது அளவு. ஒரு லிட்டர் ஜாடியில் வறுத்த கொட்டை 300 முதல் 400 கிராம் வரைதான் பிடிக்கும். கால் கிலோவுக்கு முக்கால் லிட்டர் ஜாடி சரியாக இருக்கும். பெரிய ஜாடியில் கொஞ்சம் காபி வைப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. ஒரு லிட்டர் ஜாடி பாதி காலி என்றால் மேலே அரை லிட்டர் காற்று. அதில் 100 மில்லிக்கு மேல் ஆக்சிஜன். எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்த ஆக்சிஜனையும் உள்ளே வைத்துத்தான் மூடுகிறீர்கள். தினம் திறக்கும்போது புதுக் காற்று வேறு. காபி குறையக் குறையச் சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள். அல்லது வாங்கியதும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை முடிக்கும் வரை மற்றதைத் தொடாமல் வையுங்கள். நான் செய்ததில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது இந்தப் பிரித்து வைப்பதில்தான், இதற்குச் செலவும் இல்லை.

வந்த பொட்டலத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடாதா?

தாராளமாக வைக்கலாம். உள்பக்கம் அலுமினியப் பூச்சும் வால்வும் உள்ள பை பல அலங்கார ஜாடிகளைவிட நன்றாகவே வேலை செய்யும். எடுத்தபின் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, வாயை மூன்று நான்கு மடிப்பு மடித்துக் கிளிப் போடுங்கள். காபி குறையும்போது பையும் சுருங்கும், ஜாடி சுருங்காது. வெறும் காகிதப் பை என்றால் அன்றே மாற்றிவிட வேண்டும். காகிதம் எண்ணெயை உறிஞ்சும், காற்றைத் தடுக்காது.

காற்றை உறிஞ்சும் பம்பு வைத்த டப்பா வாங்கலாமா?

வாங்கினால் நல்லதுதான், வாங்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை. கையால் அழுத்தும் பம்பு முழு வெற்றிடத்தை உண்டாக்காது. புதுக்கொட்டை வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால் உறிஞ்சிய வெற்றிடமும் மெல்ல நிரம்பும். இதைவிட எளிமையான ஒரு வகை இருக்கிறது: உள்மூடி ஒன்று கீழே இறங்கி காபியின் மேல் படியும், இடையில் காற்றுக்கு இடமே இருக்காது. இரண்டில் ஒன்று வாங்குவதானால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சமையலறையில் எங்கே வைப்பது?

அடுப்புக்கு மேல் வைக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், ஜன்னல் திட்டு வேண்டவே வேண்டாம்.

எல்லோருக்கும் அடுப்புக்கு மேலுள்ள அலமாரிதான் வசதி, கை எட்டும். ஒருமுறை ஒரே பையிலிருந்து கொட்டையை இரண்டு ஒரே மாதிரி ஜாடிகளில் போட்டு, ஒன்றை அடுப்புக்கு மேலும் மற்றதை அறையின் எதிர்மூலையில் கீழ்த்தட்டிலும் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, மேலே இருந்த ஜாடியின் மூடிக்கு அடியில் விரலை ஓட்டினால் பிசுபிசுப்பு. கொட்டைகள் வேர்த்ததுபோல மினுங்கின. வெந்நீர் ஊற்றியபோது கீழ்த்தட்டுக் காபி உப்பி நுரைத்தது. அடுப்புக் காபி நனைந்த மண்போலக் கிடந்தது. காபிக்குச் சூடு மட்டும் பிரச்சினை இல்லை. கீழே கொதிக்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் ஆவியும் மூடியைத் திறக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறது.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஒரு சின்ன முரண்பாட்டைக் கவனியுங்கள். ஃப்ரிட்ஜில் துர்நாற்றம் அடித்தால் ஒரு கிண்ணத்தில் காபித்தூளை வை, இழுத்துக்கொள்ளும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். சரியான யோசனைதான். அந்த யோசனையைச் சொல்பவரே குடிக்கும் காபியையும் அதே ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார். எல்லா வாடையையும் உறிஞ்சும் பொருளை எல்லா வாடையும் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்?

அடுத்தது ஈரம். மழைநாளில் குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி பனிக்கிறதல்லவா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூளுக்கும் அதுவேதான் நேர்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தினம் இரண்டு முறை நடந்தால் ஒரு வாரத்தில் தூள் நமுத்துவிடும். இவ்வளவுக்கும் நான்கு டிகிரிக் குளிரால் கிடைக்கும் லாபம் சொற்பம்.

அப்படியானால் ஃப்ரீசரும் கூடாதுதானே?

கூடும். ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி இல்லை. மைனஸ் 18 டிகிரியில் காறல் ஏறுவதும் மணம் ஆவியாவதும் மிகவும் மந்தமாகிவிடும். ஒழுங்காக அடைத்த கொட்டை மாதக்கணக்கில் தாங்கும்.

‘ஒழுங்காக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முதன்முதலில் செய்தது இது: அரைக் கிலோத் தூளை ஒரே டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். தினம் காலை எடுத்து, திறந்து, இரண்டு கரண்டி அள்ளி, மூடி, திரும்ப உள்ளே. மூன்றாவது வாரம் டப்பாவின் ஓரத்தில் தூள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது, கரண்டியால் குத்திப் பெயர்க்க வேண்டியிருந்தது. காபியில் ஃப்ரீசரின் எல்லாச் சமாசாரமும் இருந்தது. ஃப்ரீசரில் வைத்ததன் பலன் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, ஃப்ரிட்ஜின் கெடுதல் முழுவதும் கிடைத்தது.

சரியான முறை: கொட்டையைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரியுங்கள், ஒரு பங்கு ஒரு வாரத்துக்கு மேல் வர வேண்டாம். ஒவ்வொன்றையும் காற்றை அழுத்தி வெளியேற்றித் தனித்தனிப் பையில் இறுக்கி மூடி, எல்லாவற்றையும் இன்னொரு பைக்குள் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு பங்கை மட்டும் எடுத்து, திறக்காமல் மேசை மேல் இரவு முழுக்க விடுங்கள். பை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அப்போது பனிப்பது பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.

சிலர் ஒரு கோப்பைக்குரிய கொட்டையைத் தனித்தனியாகக் குப்பியில் அடைத்து, உறைந்த நிலையிலேயே அரைக்கிறார்கள். அதிலும் தவறில்லை, எடுத்த மொத்தமும் உடனே கோப்பைக்குப் போவதால் ஈரத்துக்கு நேரமே கிடைக்காது. கொட்டை குளிர்ந்திருந்தால் துகள்கள் இன்னும் நுண்ணியதாகவும் ஒரே சீராகவும் உடைகின்றன என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் திரவ நைட்ரஜன் வரை போனார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை.

டப்பாவைக் கழுவ வேண்டுமா? மிச்சத்தின் மேலேயே புதுக்காபியைக் கொட்டினால் என்ன?

கொட்டாதீர்கள். காலியான காபி டப்பாவை முகர்ந்து பாருங்கள். காபி மணம் வராது, சிக்கு வாடை வரும். சுவரில் படிந்த எண்ணெய் வாரக்கணக்கில் காறிப்போயிருக்கும். ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி, முழுவதும் காய விடுங்கள். பொட்டு ஈரம் இருந்தாலும் நிரப்ப வேண்டாம். அரைக்கும் இயந்திரத்தின் உள்ளே தங்கும் தூளுக்கும் இதே கதிதான், தூரிகையால் தட்டிவிடுங்கள்.

இயந்திரத்தின் மேலுள்ள கிண்ணத்தில் கொட்டையை நிரப்பியே வைக்கலாமா?

அது நிரப்பி அரைக்கும் வாய், சேமிக்கும் பாத்திரம் இல்லை. பெரும்பாலும் ஒளி புகும் பிளாஸ்டிக், தளர்வான மூடி. அன்றன்றைக்கு வேண்டியதைப் போடுங்கள்.

தூளோடு கொஞ்சம் அரிசியோ, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலமோ போட்டால்?

தேவையில்லை. காபியே அவற்றுக்குச் சளைக்காத அளவுக்கு வறண்டது. கரண்டி உலர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு தூளை அள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

சிக்கரி கலந்த தூளுக்கும் இன்ஸ்டன்ட் காபிக்கும் இதே விதிகளா?

இரண்டுக்கும் ஈரம்தான் முதல் எதிரி. சிக்கரி ஈரத்தை வேகமாக இழுக்கும், அதனால் கலந்த தூள் சீக்கிரம் கட்டிப்படும். இன்ஸ்டன்ட் காபி ஏற்கெனவே வடித்து உலர்த்திய சாறு; மூடி இறுக்கமாக இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், ஓர் ஈரக் கரண்டி பட்டால் பாறையாகிவிடும். மற்றபடி அதில் இழப்பதற்கு மணம் ஆரம்பத்திலேயே குறைவு. கோபிக்க வேண்டாம், உண்மை அது.

பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்தால்?

வறுக்காத கொட்டை நல்ல பொறுமைசாலி. அதில் ஈரம் ஏறத்தாழ 8 முதல் 12.5 சதவீதம் வரை இருக்கும். காற்றோட்டமுள்ள, உலர்ந்த, வெயில் படாத இடத்தில் பல மாதங்கள், சுமார் ஓராண்டு வரைகூடத் தாங்கும். மிகவும் பழசானால் வறுத்த பிறகு வைக்கோல், காகித வாடை தட்டும். வாரம் ஒருமுறை கொஞ்சமாக வறுத்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பாதி தேவைப்படாது.

உறையில் ஓராண்டு வரை பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறதே?

திறக்காத உறைக்குச் சொன்னது அது. பாதுகாப்பாகக் குடிக்கலாம் என்பதைச் சொல்கிறது, மணத்தோடு இருக்கும் என்று உறுதி கொடுக்கவில்லை. வறுத்த தேதி அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். அதை அச்சிடத் துணிந்தவரிடம் வாங்குவது ஒரு நல்ல தொடக்கம்.

என் காபி பழசாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வடிதாளிலோ அகலமான கோப்பையிலோ இரண்டு கரண்டி தூளைப் பரப்பி, கொதி அடங்கிய நீரைத் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிக் குனிந்து பாருங்கள். புதுக்காபி என்றால் முதல் பத்து நொடியில் நடுவில் மேடு கட்டும். சிறு குமிழ்கள் கிளம்பும், மேல்பரப்பு விரிசல் விட்டு, அடியிலிருந்து இன்னொரு குமிழ் வந்து அந்த விரிசலை அடைக்கும். மூச்சு விடுவதுபோல இருக்கும். பழைய காபியில் நீர் நேராக இறங்கிவிடும். மேலே தட்டையான, கறுத்த சேறு. நுரைப்பது எஞ்சியிருக்கும் கார்பன் டை ஆக்சைடுதான், அதுவே மணமன்று. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே விடைபெறுவதால் ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கலாம்.

பழசானால் காஃபீனும் குறைந்துவிடுமா?

இல்லை. காஃபீன் அசையாது. வறுக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் தப்பிப்பது அலமாரியில் எங்கே போகும்? பழைய காபியும் தூக்கத்தைக் கெடுக்கும், மகிழ்ச்சி மட்டும் தராது.

வடித்த காபியை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

சூடாகக் குடிப்பதானால் அரை மணி நேரம். சூடான தட்டின் மேலேயே விட்டால் அமிலங்கள் சிதைந்து குவினிக் அமிலம் கூடும். கடுத்துப்போய் நாக்கைப் பிடிக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அதுதான். வைக்கத்தான் வேண்டும் என்றால் சூடு தாங்கும் குடுவையில் வையுங்கள், அடுப்பில் அல்ல. பால் கலந்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் கொட்டிவிடுங்கள். குளிர்நீரில் ஊறவைத்து வடித்த பால் கலக்காத காபியை, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் வைக்கலாம். காபிக்கு ஃப்ரிட்ஜ் ஒத்துக்கொள்ளும் ஒரே வடிவம் இதுதான்.

தூளில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்திருக்கிறது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, டப்பாவைச் சுடுநீரில் கழுவிக் காயவையுங்கள். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கொட்டையில் தெரியும் வெண்மை வெறும் உறைபனியாக இருக்கலாம்; விரலில் உருகிவிடும்.

மணம் போன காபி கால் கிலோ மிஞ்சிவிட்டது. என்ன செய்ய?

சிக்கு வாடை இன்னும் வரவில்லை என்றால் குளிர்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்துப் பாருங்கள்; அந்த முறை குறைகளை ஓரளவு மறைக்கும். கேக், ஐஸ்கிரீம் போன்றவற்றில் சேர்க்கவும் ஆகும், அங்கே காபியின் கசப்புதான் தேவை. சிக்கு வாடை வந்துவிட்டால் ஒரு கிண்ணத்தில் கொட்டி, மேலே சொன்னபடி ஃப்ரிட்ஜின் மூலையில் வைத்துவிடுங்கள். கிண்ணத்தின் மேல் ‘குடிக்க அல்ல’ என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் அதில் காபி போட்டுவிட்டார்கள்.